ஏழு சட்டப் பெட்டியும் பத்துச் சட்டப் பெட்டியும்: வீட்டுத் தோட்டத் தேனீக்கு ஒரு கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் சராசரிப்படி, இந்தியத் தேனீ ஒரு கூட்டத்துக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ தேன் தரும். இத்தாலியத் தேனீ 25 முதல் 40 கிலோ. கொசுத்தேனீ 100 கிராம். இடைப்பட்ட அளவுகளை எடுத்தால் இந்தியத் தேனீயின் 7 கிலோவுக்கு எதிரே இத்தாலியத் தேனீயின் 32.5 கிலோ, அதாவது 4.6 மடங்கு. வீட்டில் பெட்டி வைக்க விரும்புபவர் முதலில் கேள்விப்படுவது இந்த எண்களைத்தான். பலருடைய முடிவும் இங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பெட்டிக்குள் எத்தனை தேனீ, ஒரு கொட்டில் எவ்வளவு நஞ்சு, பஞ்சகாலத்தில் எத்தனை கிலோ சர்க்கரை, நோய் வந்தால் மீள எத்தனை ஆண்டு என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன. 5 சென்ட் மனையில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகில் வைக்கப்போகும் பெட்டிக்கு அவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இக்கணக்குக்கு ஏற்ற களம் கன்னியாகுமரி மாவட்டம். நியூட்டன் பாதிரியார் 1911-க்கும் 1917-க்கும் இடையில் திருச்சிராப்பள்ளியில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், சிறு குடும்பங்களுக்கான துணைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கொண்டு சேர்த்தார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ மூன்றும் வீட்டு விளைகளில் வளர்க்கப்பட்ட பகுதி இது. அதனால் இங்கே ஒப்பீட்டுக்கு ஊகம் குறைவாகவே தேவைப்படுகிறது.

முதல் கணக்கு பெட்டியின் பரப்பு. நியூட்டன் பெட்டியின் புழு அறையில் 7 சட்டங்கள். ஒரு சட்டத்தின் உள்ளளவு சுமார் 20.5 × 14.4 செ.மீ. இருபுறமும் சேர்த்து 7 சட்டத்தின் அடைப்பரப்பு சுமார் 4,130 சதுர செ.மீ. இத்தாலியத் தேனீ வாழும் லாங்ஸ்ட்ராத் பெட்டியில் 10 சட்டங்கள். ஒரு சட்டத்தின் உள்ளளவு சுமார் 43 × 20 செ.மீ. மொத்தப் பரப்பு 17,200 சதுர செ.மீ. விகிதம் 4.2. தேன் விளைச்சலின் விகிதமோ 4.6. புழு அறையின் ஒரு சதுர செ.மீ.க்கு என்று பிரித்தால் இந்தியத் தேனீ 1.69 கிராம், இத்தாலியத் தேனீ 1.89 கிராம். வித்தியாசம் 12 சதவீதம். தேன் சேர்வது மேலே வைக்கும் தேன் அறையில் என்பதால் இது வீட்டின் அளவை மட்டும் ஒப்பிடும் கணக்கு. அதற்கு மேல் இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. 4.6 மடங்கில் பெரும்பகுதி பெட்டியின் பருமனிலிருந்து வருகிறது. இத்தாலியத் தேனீ தனித்தனியே நாலரை மடங்கு உழைப்பதாகக் கொள்ள இந்த எண் இடம் தரவில்லை.

கண்ணறையை எண்ணினால் விகிதம் இன்னும் குறைகிறது. தென்னிந்தியாவின் இந்தியத் தேனீ கட்டும் பணித் தேனீக் கண்ணறை சுமார் 4.4 மி.மீ. அகலம், இத்தாலியத் தேனீயுடையது சுமார் 5.3 மி.மீ. ஒரு சதுர செ.மீ.யில் முன்னது 6, பின்னது 4.1. முழுப் பெட்டிக்கு 24,600 அறைகளுக்கு எதிரே 70,700 அறைகள், அதாவது 2.9 மடங்கு. கடையில் கிடைக்கும் மெழுகு அச்சுத்தாளை வாங்குபவர் இந்த 0.9 மி.மீ. வித்தியாசத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இத்தாலியத் தேனீக்கான தாளை நியூட்டன் சட்டத்தில் ஒட்டினால் இந்தியத் தேனீ அதன்மேல் ஒழுங்காக அடை கட்டாது.

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் தலைகளின் எண்ணிக்கை. எந்தத் தேனீ சாந்தமானது என்ற பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. தென்னிந்தியாவில் நல்ல நிலையில் உள்ள இந்தியத் தேனீக் கூட்டத்தில் 6,000 முதல் 7,000 பணித் தேனீக்கள் இருப்பது வழக்கம். இத்தாலியத் தேனீக் கூட்டத்தில் 20,000 முதல் 60,000. நடுத்தர வலுவுள்ள 30,000 தேனீக் கூட்டத்தை 7,000 தேனீக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் 4.3 மடங்கு. இரண்டு கூட்டங்களும் ஒரே விகிதத்தில், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியேறித் தாக்கினாலும் முன்னதிலிருந்து 300 தேனீயும் பின்னதிலிருந்து 70 தேனீயும் வரும்.

நஞ்சின் அளவும் தெரிந்த ஒன்றுதான். இத்தாலியத் தேனீ ஒரு கொட்டில் செலுத்தக்கூடிய நஞ்சு சுமார் 0.14 முதல் 0.15 மி.கிராம். ஒவ்வாமை இல்லாத ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 19 கொட்டு என்பது பாதிப் பேருக்கு உயிராபத்து நேரும் அளவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது 1,140 கொட்டு. 18 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 342 கொட்டு. 342 தேனீ என்பது 30,000 தேனீக் கூட்டத்தில் 1.1 சதவீதம், 7,000 தேனீக் கூட்டத்தில் 4.9 சதவீதம். இந்தியத் தேனீ உடலில் சிறியது, அதன் கொட்டில் இறங்கும் நஞ்சும் குறைவு. ஆகவே உண்மையான இடைவெளி இதைவிடப் பெரிது. மருத்துவ உதவி இதற்கு வெகு முன்பே தேவைப்படும். 342 என்பது காத்திருக்க வேண்டிய எண்ணிக்கை இல்லை. வீட்டில் சிறு குழந்தை இருப்பவர் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வாமை உள்ளவருக்கு மேற்கண்ட கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு 1 கொட்டே போதும். ஐரோப்பியக் கணக்கெடுப்புகளில் பெரியவர்களில் 0.3 முதல் 7.5 சதவீதம் பேருக்குப் பூச்சிக்கொட்டினால் உடல் முழுதும் எதிர்வினை ஏற்பட்ட வரலாறு உண்டு. மேல் அளவை வைத்துக்கொண்டால், பெட்டியைச் சுற்றியுள்ள 10 வீடுகளில் வீட்டுக்கு 4 பேர் என 40 பேர் இருக்கும் இடத்தில் 3 பேர். பெட்டி வாங்குவதற்கு முன் அந்த 10 வீடுகளிலும் கேட்டுவிடுவது அரை மணி நேர வேலை.

இந்தியத் தேனீக்குச் சாதகமாகவே எல்லா எண்களும் சாயவில்லை. தனித் தேனீயின் நிதானத்தில் இத்தாலியத் தேனீக்கே மதிப்பெண் அதிகம். அதன் சட்டத்தைத் தூக்கினால் தேனீக்கள் அடையின்மேல் அப்படியே நிற்கும். ராணி முட்டையிடுவதைக்கூட நிறுத்தாமல் தொடர்வதைக் காணலாம். இந்தியத் தேனீயின் சட்டத்தைத் தூக்கும்போது கூட்டம் கீழ்மூலையை நோக்கி ஓடும், கொத்தாகத் தொங்கும், சில சமயம் தரையில் கொட்டும். கை நடுங்கினால், சட்டம் பக்கத்துச் சட்டத்தில் உரசினால், தேனீக்கள் ஒரே சமயத்தில் 'ஸ்ஸ்' என்று சீறும். இது மிரட்சி, தாக்குதலுக்கு முந்திய படி. புகைப்பானை இரண்டு மூன்று முறை அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுத் திறந்தால் பெரும்பாலும் அதோடு அடங்கும். ஆகவே, தேனீக்குத் தேனீ நிதானம் இத்தாலியத் தேனீயிடம். பெட்டிக்குப் பெட்டி ஆபத்துக் குறைவு இந்தியத் தேனீயிடம். வீட்டில் வைப்பது பெட்டியை என்பதால் நான் இரண்டாவது கணக்கையே ஏற்கிறேன்.

உலக அளவில் சாந்தத்துக்குப் பேர்போனவை கார்னியோலன், இத்தாலியன், பக்ஃபாஸ்ட் என்ற மூன்று. மூன்றும் ஒரே ஐரோப்பியத் தேனீ இனத்தின் வகைகள். ஸ்லோவேனியாவின் கார்னியோலன் தேனீக்குப் பெருமை சேர்ப்பது குளிர்காலத்தைச் சிறு கூட்டமாகக் கடந்து வசந்தத்தில் வேகமாகப் பெருகும் ஆற்றல். குளிர்காலமே இல்லாத குமரியில் அந்த ஆற்றலுக்கு வேலை இல்லை. ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மதிப்பெண் முறை. ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் ஒவ்வொரு கூட்டத்தின் சாந்தத்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார்கள். புகையும் பாதுகாப்பும் இல்லாமல் திறக்க முடிந்தால் 4. புகைத்தும் கடுமையாகக் கொட்டினால் 1. இந்த முறைக்குச் செலவு ஒரு நோட்டும் பென்சிலும்.

வெளிநாட்டு வகையை அவசரமாகக் கொண்டுவந்ததன் விலைக்கும் ஒரு எண் உண்டு. விளைச்சலைக் கூட்டும் நோக்கில் 1956-இல் ஆப்பிரிக்கத் தேனீ ராணிகள் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டன. 1957-இல் ரியோ கிளாரோ அருகே 26 கூட்டங்கள் தப்பின. உள்ளூர் ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்து பெருகிய அவற்றின் சந்ததி 1990-இல் அமெரிக்காவின் டெக்சாஸை எட்டியது. 26 கூட்டம், 33 ஆண்டு, இரண்டு கண்டங்கள். இந்தியாவில் இத்தாலியத் தேனீ அப்படி எதையும் விளைவிக்கவில்லை. 1962-இல் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டாவில் வெற்றிகரமாக நிலைகொண்டு வடக்கில் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆனால் அது வளர்ந்த முறை, லாரியில் பெட்டிகளை ஏற்றிப் பூக்கும் இடம் தேடிப் போகும் முறை.

அந்த முறைக்குக் காரணம் பறக்கும் தூரத்தில் தெரிகிறது. இந்தியத் தேனீ பெரும்பாலும் 1 கி.மீ. தூரத்துக்குள் இரை தேடும். ஆரம் 1 கி.மீ. என்றால் பரப்பு 314 ஹெக்டேர். இத்தாலியத் தேனீக்கு 2 முதல் 3 கி.மீ.; பரப்பு 1,257 முதல் 2,827 ஹெக்டேர். கொசுத்தேனீக்கு அரை கி.மீ. என்று கொண்டால் 78.5 ஹெக்டேர். 5 சென்ட் மனை 202 சதுர மீட்டர். இந்தியத் தேனீயின் மேய்ச்சல் பரப்பில் அது 0.0064 சதவீதம். வீட்டைச் சுற்றிப் பூச்செடி வைப்பது நல்லதே என்றாலும் கூட்டத்தின் உணவு அதனால் தீர்மானிக்கப்படுவதில்லை, 1 கி.மீ.க்குள் இருக்கும் ரப்பர், தென்னை, புளி, முருங்கை, வேம்பு எவ்வளவு என்பதால் தீர்மானிக்கப்படுகிறது. பெட்டி வாங்குமுன் அந்த 1 கி.மீ.யை ஒரு மாலையில் நடந்து பார்த்துவிடலாம்.

குமரியின் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மதுரம் கசியும். காலையில் ஒரு துளிரை வளைத்துப் பார்த்தால் அந்த முனையில் துளி மின்னும். விரலில் தொட்டால் ஒட்டும். இது பூவிலிருந்து வருவதில்லை. எனவே மகரந்தம் கிடைப்பதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன்காலம் 4 மாதம். மே முதல் செப்டம்பர் வரை பஞ்சகாலம் 5 மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் வளர்ச்சிக்காலம் 3 மாதம். ஆண்டில் 33 சதவீத நாட்களில் வரும் வரவு மற்ற 67 சதவீத நாட்களைத் தாங்க வேண்டும்.

பஞ்சகாலம் 153 நாள், சுமார் 22 வாரம். ஒரு கூட்டத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரையை அதே எடை நீரில் கரைத்து வைத்தால் 22 வாரத்துக்கு 4.4 கிலோ சர்க்கரை. எடுத்த தேன் 7 கிலோ. அதில் நீர் 20 சதவீதம் போனால் மீதி 5.6 கிலோ. எடுத்துக்கொண்டதில் 79 சதவீத எடையைச் சர்க்கரையாகத் திருப்பிக் கொடுக்கிறோம். இந்த எண்ணை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 7 கிலோவில் 2 கிலோ தேனை அடையிலேயே விட்டுவைத்தால் 1.6 கிலோ சர்க்கரைக்குச் சமம். 8 வாரப் பாகு மிச்சம். பாகு வைக்கத் திறக்கும் தடவை 22-லிருந்து 14 ஆகக் குறையும், அதாவது 36 சதவீதம். பஞ்சகாலத்தில் திறக்கும் பெட்டிதான் அதிகம் கொட்டும். உணவு குறைந்த நாட்களில் ஒரு கூட்டம் மற்றொன்றைக் கொள்ளையடிக்க வரும், எல்லாப் பெட்டிகளும் காவலைக் கூட்டியிருக்கும். விட்டுவைத்த 2 கிலோ அந்தச் சமயத்தில் சாந்தமாகவும் திரும்பக் கிடைக்கிறது.

பணக் கணக்கை ஊருக்கேற்ப வாசகர் மாற்றிக்கொள்ளலாம். முறை தெரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். ஒரு பெட்டி, கூட்டம், தாங்கி, எறும்பு ஏறாமல் தடுக்கும் நீர்க்கிண்ணம் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். மூன்று பெட்டிக்கு 10,500 ரூபாய். புகைப்பான், முகமூடி, தேன் எடுக்கும் கருவி 3,000 ரூபாய். முதலீடு 13,500 ரூபாய். பெட்டிக்கு 2 கிலோ விட்டுவைத்து 5 கிலோ எடுத்தால் 15 கிலோ. கிலோ 400 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். சர்க்கரை 14 வாரத்துக்கு 8.4 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 378 ரூபாய். மீதி 5,622 ரூபாய். முதலீடு 2.4 ஆண்டில் திரும்பும். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு கூட்டம் ஓடிப்போய், மற்றொன்றைப் பிரித்து அந்த இடத்தை நிரப்பினால் வரவு 10 கிலோ. மீதி 3,748 ரூபாய். முதலீடு திரும்ப 3.6 ஆண்டு. உழைப்புக்குக் கூலி இதில் சேர்க்கப்படவில்லை. வளர்ச்சிக்காலமும் தேன்காலமும் சேர்ந்த 30 வாரத்தில் வாரம் ஒரு முறை, பெட்டிக்கு 10 நிமிடம் என்றால் மூன்று பெட்டிக்கு 15 மணி நேரம்.

இத்தாலியத் தேனீயின் 32.5 கிலோவுக்கு விலை எங்கே கிடைக்கும் என்பது தனிக் கேள்வி. 2023-24-இல் இந்தியா சுமார் 1.07 லட்சம் டன் தேனை ஏற்றுமதி செய்து சுமார் 17.7 கோடி டாலர் ஈட்டியது. கிலோவுக்கு 1.65 டாலர், டாலர் 83 ரூபாய் என்றால் 137 ரூபாய். அந்த ஆண்டில் மொத்தச் சந்தையின் விலை ஏறக்குறைய இந்த மட்டம். அந்த விலையில் 32.5 கிலோவுக்கு 4,450 ரூபாய். பக்கத்து வீட்டுக்கும் உறவினருக்கும் நேரடியாக 400 ரூபாய்க்கு விற்கும் 15 கிலோவுக்கு 6,000 ரூபாய். ஒரு குடும்பம் நேரடியாக விற்கக்கூடிய அளவு 15, 20 கிலோ. அதைத் தாண்டினால் மொத்த வியாபாரியிடம்தான் போக வேண்டும். 25 முதல் 40 கிலோ என்ற விளைச்சலும் பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு வருவது. ஒரே இடத்தில் நிற்கும் பெட்டிக்கு அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது.

இந்தியத் தேனீயின் பெரிய பற்று நோய்க்கணக்கில் இருக்கிறது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட தாய் சாக்புரூட் வைரஸ் 1991, 1992-இல் கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் பரவியது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. நோய் தாக்கிய பெட்டியில் புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் நிறைந்த பைபோல உப்பி, தலை மேல்நோக்கிக் கூர்ந்து, படகு வடிவில் அறையில் கிடக்கும். இடுக்கியால் தூக்கினால் தோல் கிழியாமல் பையாகவே வரும். பணித் தேனீக்கள் மூடிய அறைகளைத் திறந்து போட்டிருக்கும். சில வாரத்தில் கூட்டம் பெட்டியை விட்டே போய்விடும். 100 பெட்டி வைத்திருந்தவரிடம் 10-க்கும் குறைவாக மிஞ்சியது. இத்தாலியத் தேனீ தெற்கே வந்தது இந்தச் சூழலில். அந்த நேரத்தில் அதை வாங்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை.

மீளும் வேகத்தையும் கணக்கிடலாம். 10 கூட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரித்தால் 20, 40, 80, 160. நான்காம் ஆண்டில் 100 தாண்டும். பிரித்தபின் ஆண்டுதோறும் 25 சதவீதம் இழந்தால் பெருக்கம் 1.5 மடங்கு, 10 கூட்டம் 6 ஆண்டில் 114 ஆகும். மருந்து இல்லாத இந்த நோய்க்கு வழி, பிழைத்த கூட்டங்களிலிருந்தே பிரித்துப் பெருக்குவது. நோய் கண்ட பகுதியிலிருந்து மலிவாக வரும் கூட்டத்தை வாங்குவது, அந்த 6 ஆண்டை மீண்டும் முதலிலிருந்து எண்ண வைக்கும்.

வரோவா உண்ணியில் கணக்குத் தலைகீழ். இந்தியத் தேனீயின் இனமே அதன் மூலப் புகலிடம். அங்கே உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறையில் மட்டுமே பெருகும். ஐரோப்பிய இனத்தில் பணித் தேனீ அறையிலும் பெருகும். இந்தியத் தேனீயின் பணித் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 19 முதல் 20 நாள், இத்தாலியத் தேனீக்கு 21 நாள். மருந்திடாத ஐரோப்பியத் தேனீக் கூட்டம் குளிர்நாடுகளில் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுக்குள் அழிகிறது. ஆகவே இத்தாலியத் தேனீயை வைப்பவர் உண்ணிக்கு மருந்திடும் அட்டவணையோடு வாழ வேண்டும். இந்தியத் தேனீயை வைப்பவருக்கு அந்தச் செலவு ஏறத்தாழ சுழியம்.

சாந்தமான கூட்டத்தை வாங்குவதைவிட உருவாக்குவது நம்பகமானது. ஒவ்வொரு கூட்டத்தையும் மூன்று வெவ்வேறு நாட்களில், மழையும் காற்றும் இல்லாத காலையில், ஒரே அளவு புகையுடன் திறந்து 4-க்கு மதிப்பெண் இட்டுச் சராசரி எடுக்கலாம். மூன்று பெட்டிகள் 3.5, 3, 2 என்று வந்தால் அக்டோபரில் பிரிக்க வேண்டியது 3.5. 2 பெற்ற கூட்டத்தின் ராணியை எடுத்துவிட்டு 3.5 கூட்டத்தின் ராணி அறையைக் கொடுத்தால், புதிய ராணி முட்டையிடத் தொடங்கியதிலிருந்து முதல் பணித் தேனீ வெளிவர 20 நாள், பழைய பணித் தேனீக்கள் வாழ்ந்து முடிய இன்னும் சுமார் 40 நாள். 60 நாளில் பெட்டியின் குணம் மாறியிருக்கும். இதற்கு வரம்பும் உண்டு. ராணி 10-க்கு மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் வானில் கூடுகிறது. பிறக்கும் பணித் தேனீயின் மரபில் 50 சதவீதம் அந்த ஆண் தேனீக்களிடமிருந்து வருகிறது, அவை பக்கத்து விளைகளிலிருந்தோ மரப்பொந்துகளிலிருந்தோ வந்தவை. ஆகவே ஊரில் ஒருவர் மட்டும் தேர்ந்தெடுத்தால் பலன் பாதி. 5, 6 வீடுகள் சேர்ந்து மூர்க்கமான கூட்டங்களின் ராணியை மாற்றினால் அதிகம்.

வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால், அல்லது பக்கத்து வீட்டுச் சுவர் 3 மீட்டருக்குள் இருந்தால், மீதமிருக்கும் தேர்வு கொசுத்தேனீ. அதற்குப் பயன்படும் கொடுக்கு இல்லை. கடிக்கும், முடியில் புகும், அவ்வளவே. விளைச்சல் 100 கிராம் என்பது பல்கலைக்கழகச் சராசரி. நன்கு பராமரித்த கூட்டங்களில் சில நூறு கிராம் வரை எடுக்கிறார்கள். இந்தியத் தேனீயின் 7 கிலோவுக்கு ஈடாக, 100 கிராம் கணக்கில் 70 கூட்டம் வேண்டும். தேனின் நீர்ச்சத்து 25 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம் என்பதால் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. விலை நாலு மடங்கு, கிலோ 1,600 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கூட்டத்துக்கு வருமானம் 160 ரூபாய். பணத்துக்காக வைப்பது இல்லை இது. கத்தரி, மிளகாய், பாகற்கொடி உள்ள தோட்டத்துக்கு, குழந்தை பயமின்றி வாசலில் உட்கார்ந்து தேனீ போய்வருவதைப் பார்க்கும் வீட்டுக்கு உரியது. நகரத்து மாடிக்கும் என் பரிந்துரை இதுவே.

மற்ற வீடுகளுக்கு இந்தியத் தேனீ, 2 அல்லது 3 பெட்டி. 1 பெட்டி போதாது. ராணி இறந்தால் முட்டைச் சட்டம் கடன் கொடுக்க அடுத்த பெட்டி வேண்டும். வாங்கும் மாதம் அக்டோபர். அப்போது வாங்கும் கூட்டத்தில் குறைந்தது 4 சட்டம் தேனீயால் மூடியிருக்க வேண்டும், அவற்றில் 2 சட்டத்திலாவது முட்டை, புழு, மூடிய அறை மூன்றும் இருக்க வேண்டும். விற்பவர் முகமூடி இல்லாமல் அதைத் திறந்து காட்டட்டும். அவர் கையைப் பார்த்தே முதல் மதிப்பெண்ணை இட்டுவிடலாம். அந்த 4 சட்டம் டிசம்பர் இறுதிக்குள் 7 ஆக வேண்டும். ஆகாத கூட்டத்தின்மேல் தேன் அறை வைக்காமல், அந்த ஆண்டின் தேனை அதற்கே விட்டுவிட வேண்டும்.